டாக்டர் பார்த்து வாங்கிய வண்டி

"ஏங்க, அது என்ன மஞ்சளா எரியுது?"

"எங்க?"

"ஸ்டீயரிங்குக்குப் பின்னாடி. இஞ்சின் படம் மாதிரி இருக்கு."

"அதுவா? இஞ்சின் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"நேத்து எரியலையே?"

"நேத்தும் வேலை செஞ்சுது. இன்னைக்கு அதைச் சொல்லிக் காட்டுது."

கார் விஷயத்தில் அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மனைவி நம்பினாள். மஞ்சள் விளக்கைவிட அந்த நம்பிக்கைதான் அவரை அதிகமாக உறுத்தியது. சிக்னல் விழுந்ததும் அவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். வண்டி சற்று நேரம் யோசித்தது. பிறகு சரி போவோம் என்று முடிவெடுத்தாற்போல் குபுக்கென்று பாய்ந்தது. மனைவியின் கைப்பை மடியிலிருந்து காலடிக்குப் போய் விழுந்தது.

"இதுவும் ஏதாவது சொல்லிக் காட்டுதா?"

"பவர் ஜாஸ்தி. போகப் போகப் பழகிடும்."

அவர் பழைய கார்களை வாங்கி விற்கும் ஒரு யார்டில் பரிசோதகர். யார்டில் அவருக்கு டாக்டர் என்று பெயர். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் முனையை ஓடும் இஞ்சின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சுற்றி நிற்பவர்கள் மூச்சுவிடக்கூடத் தயங்குவார்கள். பிறகு கண்ணைத் திறந்து, "நெஞ்சுல சளி இல்ல" என்பார். வண்டி பாஸ். டிரைவர் பக்கக் கதவின் உள்விளிம்பில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, அதில் தன் கையெழுத்தைப் போடுவார். அந்தப் பச்சை இல்லாமல் யார்டிலிருந்து ஒரு வண்டியும் விலைக்குப் போகாது.

அவரைச் சேர்த்து யார்டில் நாலு பரிசோதகர்கள். முதலாளி அவர்களுக்கு ஒரு விதி வைத்திருந்தார். ஒருவர் பார்த்த வண்டியைப் பற்றி இன்னொருவரிடம் வாய் திறக்கக் கூடாது. ஒருத்தர் சொல்வதைக் கேட்டு மற்றவர் தலையாட்டிவிடக் கூடாதாம். நல்ல விதிதான்.

அப்படிப்பட்ட மனிதர் தன் யார்டிலிருந்தே தனக்கென்று ஒரு வண்டி வாங்கினார். சாம்பல் நிற கிராஸ்ஓவர். காராகவும் இல்லாமல் ஜீப்பாகவும் இல்லாமல் ரெண்டுங்கெட்டானாக, ஆனால் நல்ல உயரமாக இருந்தது. பரிசோதிக்க வந்த அன்று அதன் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்ததுமே யார்டிலிருந்த மற்றக் கார்களின் கூரையெல்லாம் அவர் கண்ணுக்குக் கீழே தெரிந்தன. அவற்றுள் ஒன்றாகத் தன் மச்சானின் சின்னக் காரையும் அவர் கற்பனை செய்துகொண்டார். மச்சான் அண்ணாந்து பார்த்து, "மாமா, பெரிய வண்டி" என்றான். அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார். அப்போது இஞ்சின் என்ன சொல்லியிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது. மச்சான் பேசிக்கொண்டே இருந்தான்.

பச்சை ஒட்டினார். கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரமே ஊழியர் சலுகையில் தானே வாங்கிக்கொண்டார்.

விஷயம் தெரிந்ததும் சக பரிசோதகர் ஒருவர் அவரைத் தேடி வந்தார். எந்த வண்டியைப் பார்த்தாலும் "எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவர். அவருக்குச் சந்தேகம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"அந்தச் சாம்பல் வண்டியவா வாங்கினீங்க?" என்று கேட்டார் சந்தேகம்.

"ஆமா. ஏன்?"

சந்தேகம் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். "ஒண்ணுமில்ல. நல்லா ஓட்டுங்க."

பொறாமை என்று டாக்டர் முடிவு கட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை முதலாளி எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினார். வெள்ளிக்கிழமை புதுக் கிளை திறக்கிறது. அதற்கு ஒரு தலைமைப் பரிசோதகர் வேண்டும். ஏசி அறை, தனி மேஜை, கூடுதல் சம்பளம். யார் என்பதை அங்கேயே, திறப்பு விழாவில் சொல்வதாக அறிவித்தார். பிறகு டாக்டரின் பக்கம் திரும்பினார்.

"நீங்க நம்ம வண்டியத்தானே வாங்கியிருக்கீங்க?"

"ஆமா சார்."

"நீங்களே பாத்து, நீங்களே பச்சை ஒட்டினது?"

"ஆமா சார்."

"வெள்ளிக்கிழமை நான் உங்க வண்டியிலயே வர்றேன். வர்ற சனம் பாக்கட்டும், நம்ம பரிசோதகரே நம்ம வண்டியில வர்றாருன்னு."

எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள். சந்தேகம் மட்டும் தரையைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை அந்த வண்டி முதலாளியை ஏற்றிக்கொண்டு நடு ரோட்டில் நின்றால் புது வேலை போவது கிடக்கட்டும், இருக்கிற வேலையும் சேர்ந்து போகும். சொந்த வண்டியையே சரியாகப் பார்க்கத் தெரியாதவனை எந்த யார்டில் பரிசோதகனாக வைத்துக்கொள்வார்கள்? அன்று முழுக்க அவருக்கு ஓர் இடத்தில் கால் தரிக்கவில்லை.

யார்டிலேயே பட்டறை உண்டு. ஆனால் அங்கே பானெட்டைத் திறப்பதும் மைக் பிடித்துச் சொல்வதும் ஒன்றுதான். அதனால் ஊரின் மறுகோடியில், தன்னை அறியாத ஒரு மெக்கானிக்கைத் தேடிப் பிடித்தார்.

"சார் என்ன வேலை பாக்குறீங்க?" என்றார் மெக்கானிக்.

"துணிக்கடையில. கணக்குப் பாக்குறேன்."

"அப்ப வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது."

"ஒண்ணும் தெரியாது."

மெக்கானிக் நல்ல மனிதர். பானெட்டைத் தூக்கி, "இதுதான் சார் இஞ்சின்" என்று ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தார். இது பேட்டரி, இது தண்ணி ஊத்துற இடம், இதுல கை வைக்காதீங்க சுடும். டாக்டர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஓர் இடத்தில் மெக்கானிக் தப்பாகக்கூடச் சொன்னார். திருத்தவா முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு மெக்கானிக் டிரைவர் கதவைத் திறந்தார்.

"அட, பச்சை ஒட்டின வண்டியா? எந்தப் புண்ணியவான் சார் இதைப் பாஸ் பண்ணினது?"

"யாரோ."

"கையெழுத்தப் பாருங்க, என்னா வளைவு, என்னா சுழி. இதுக்குச் செலவழிச்ச நேரத்துல வண்டியக் கொஞ்சம் பாத்திருக்கலாம்."

"பாத்திருக்கலாம்."

"கண்ணு தெரியாதவனா இருப்பான்."

"இருக்கும்."

"இல்லன்னா காசு வாங்கியிருப்பான்."

"காசெல்லாம் வாங்கல" என்று டாக்டர் சட்டென்று சொல்லிவிட்டு, "வாங்கியிருக்க மாட்டான்னு தோணுது. கையெழுத்தப் பாத்தா நல்ல குடும்பம் மாதிரி இருக்கு" என்று இழுத்தார்.

மெக்கானிக் ஒரு கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணுமில்ல சார்" என்றார். ஒரு சென்சார் போயிருந்தது. அதன் விலையைக் கேட்டதும், அது ஒன்றுமில்லாததாக டாக்டருக்குத் தெரியவில்லை. இருந்தாலும் பையிலிருந்த பணத்தைக் கொடுத்து மாற்றச் சொன்னார். மஞ்சள் விளக்கு அணைந்தது. நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பினார். பாதி வழியில் அதற்குப் பக்கத்து விளக்கு சிவப்பாக எரிந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை மறுபடியும் மெக்கானிக்கிடம் போனார்.

"இது ஒண்ணுமில்ல சார். கியர்பாக்ஸ்."

"கியர்பாக்ஸ் ஒண்ணுமில்லையா?"

"இந்த மாடலுக்கு இது ஜலதோசம் மாதிரி சார், எல்லாத்துக்கும் வரும். முன்னாடி ஓட்டினவங்க ஆயில மாத்தவே இல்ல. கருப்பு மை மாதிரி இருக்கு. நல்ல காது உள்ள ஆளா இருந்தா சத்தத்துலயே கண்டுபிடிச்சிருப்பான்."

டாக்டர் தன் காதைத் தடவிக்கொண்டார்.

கியர்பாக்ஸ் ஆயிலுக்கும் அதைச் சேர்ந்த சில்லறைக்கும் ஏறக்குறைய ஒரு மாத வாடகை போயிற்று. பணம் கை மாறிய மறுநிமிடம் பேங்கிலிருந்து மனைவியின் போனுக்குத் தகவல் போய்விட்டது. இரண்டு பேருக்கும் பொதுக் கணக்கு. வீட்டுப் படியேறும்போதே அவள் கேட்டாள்.

"அவ்வளவு பணம் எதுக்குங்க?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அவள் அப்போதுதான் தம்பியிடம் போனில், "மாமாவே பாத்து வாங்கினதுடா, அதுக்கு ஒரு செலவும் வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்திருந்தது.

"சந்தேகத்தோட அப்பாவுக்கு உடம்பு முடியல. ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. கடனாக் குடுத்தேன்."

மனைவியின் முகம் இளகியது. "பாவம். நல்ல காரியம் பண்ணினீங்க. இன்னும் வேணும்னாலும் குடுங்க."

அன்று சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாகச் சாப்பிட்டிருப்பார்.

கியர் இப்போது வெண்ணெய் மாதிரி விழுந்தது. ஆனால் வேலை பார்க்கும்போது பேட்டரியைக் கழற்றி மாட்டியதில் வண்டிக்குப் பழைய ஞாபகமெல்லாம் போய்விட்டது. கடிகாரம் தப்பாக ஓடியது. ஜன்னல் கண்ணாடி பாதி ஏறிவிட்டுத் திரும்ப இறங்கியது. புதன்கிழமை காலை சிக்னலில் நிற்கும்போது பின்னால் வரிசையாக ஹாரன் அடித்தார்கள். திரும்பிப் பார்த்தார். டிக்கி தானாக மேலே எழும்பி, ஊருக்கெல்லாம் சலாம் போட்டுக்கொண்டு நின்றது. உள்ளே பழைய துணியும் காலி ஆயில் டப்பாவும் எல்லோர் பார்வைக்கும் இருந்தன. அவர் இறங்கி ஓடிப்போய் மூடினார். வந்து உட்கார்ந்து பெல்ட் போட்டார். மறுபடியும் எழும்பியது.

"இது ஒண்ணுமில்ல சார்" என்றார் மெக்கானிக், அன்று மதியம். "டிக்கிக்குப் போற ஃப்யூஸப் பிடுங்கிட்டாப் போச்சு."

பிடுங்கினார். டிக்கி அடங்கியது. ஏசியும் அடங்கியது. திரும்பச் செருகினார். ஏசி வந்தது, டிக்கி எழும்பியது.

"ரெண்டுல எது வேணும் சார்?"

முதலாளிக்கு வியர்த்தால் ஆகாது. டாக்டர் ஏசியைத் தேர்ந்தெடுத்து, டிக்கியை உள்பக்கமாக ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டச் சொன்னார். புதுக் கம்ப்ரஸர் போட்டால் ஏசி இன்னும் நன்றாக இருக்கும் என்று மெக்கானிக் யோசனை சொன்னார். அதற்கு என்ன ஆகும் என்று டாக்டர் கேட்டார். மெக்கானிக் சொன்னார். டாக்டர் அங்கிருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் வெள்ளிக்கிழமையை நினைத்தபோது வேறு வழி தெரியவில்லை. போடச் சொல்லிவிட்டார். போனில் மனைவியிடமிருந்து உடனே செய்தி வந்தது: "அப்பாவுக்கு ஆபரேஷனா?"

"ஆமாம்" என்று பதில் அனுப்பினார்.

வியாழக்கிழமை யார்டில் டீ குடிக்கும்போது சந்தேகம் பக்கத்தில் வந்து நின்றார்.

"நேத்து கடைத்தெருவுல உங்க வீட்டம்மாவப் பாத்தேன்."

டாக்டருக்கு டீ புரையேறியது.

"எங்க அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதான்னு கேட்டாங்க. எங்க அப்பா போய்ச் சேந்து எட்டு வருஷம் ஆச்சு."

"அது வந்து..."

"கவலப்படாதீங்க. நல்லபடியா முடிஞ்சுது, இப்பக் கஞ்சி குடிக்கிறாருன்னு சொல்லிட்டேன்."

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாளாகப் பொறாமைக்காரன் என்று நினைத்திருந்த மனிதர், செத்துப்போன அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துத் தன்னைக் காப்பாற்றியிருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நீங்க எதையோ மறைக்கிறீங்கன்னு புரிஞ்சுது. அந்தம்மா முகத்தப் பாத்தா உடைக்க மனசு வரல." சந்தேகம் குரலைத் தாழ்த்தினார். "வண்டியா?"

"வண்டிக்கென்ன? ராஜா மாதிரி இருக்கு."

"எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு."

"உங்களுக்கு எதுலதான் இல்ல?"

சந்தேகம் காலி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். "ஒண்ணு சொல்லணும்னு தோணுது. ஆனா சொல்லக் கூடாது. விதி. விடுங்க." அவர் போய்விட்டார். டாக்டருக்கு அதை யோசிக்க நேரமில்லை. வெளியே மழை ஆரம்பித்திருந்தது. மழையில் வண்டி புதிதாக என்ன செய்யுமோ என்று அவருக்குக் கவலை வந்துவிட்டது.

அந்தக் கவலை நியாயமானதுதான். சாயங்காலம் வண்டியில் ஏறியபோது முன்சீட் தொப்பலாக நனைந்திருந்தது. கூரையில் திறக்கிற கண்ணாடியான சன்ரூஃபின் ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. நேரே மெக்கானிக்கிடம் ஓட்டினார்.

"இது ஒண்ணுமில்ல சார்."

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க."

"சரி சார். தண்ணி வெளிய போற குழாய் அடைச்சிருக்கு. கம்பி விட்டுக் குத்தினா சரியாப்போகும்."

கம்பி விட்டுக் குத்தினார். உள்ளே எங்கோ டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. மெக்கானிக் கம்பியை வெளியே இழுத்தார். அதன் முனையில் குழாயும் சேர்ந்து வந்தது.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப என்ன ஆகும்?" என்றார் டாக்டர்.

"இத்தனை நாள் சொட்டுச்சு. இனிமே பிரேக் போடும்போது மொத்தமா ஊத்தும். நாளைக்கு மழை இல்லன்னா ஒண்ணும்..." மெக்கானிக் நிறுத்திக்கொண்டார். "நாளைக்கு மழை இல்லன்னாப் பரவாயில்ல."

மேலே ஒட்ட ஒரு பிளாஸ்டிக் டேப் கொடுத்தார். அதற்கு மட்டும் காசு வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மழை இல்லை. ஆனால் வானம் மூட்டமாகவே இருந்தது. மனைவி தன் தம்பியின் சின்னக் காரில் நேரே விழாவுக்கு வருவதாக ஏற்பாடு. கிளம்பும்போது அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "உங்களுக்குத்தான் கிடைக்கும். அவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு. சந்தேகத்தோட அப்பாவே உங்கள வாழ்த்துவாரு" என்றாள். மறுபடியும் உண்மை அவர் வாய்வரை வந்தது. மறுபடியும் விழுங்கினார்.

முதலாளி வீட்டு வாசலில் தயாராக நின்றிருந்தார். அவருடைய சொந்தப் பெரிய காரை அவருடைய டிரைவர் ஓட்டிக்கொண்டு பின்னால் வருவதாக இருந்தது. டாக்டர் இறங்கி ஓடி முன்கதவைத் திறந்தார்.

"முன்னாடி உக்காருங்க சார். காட்சி நல்லாத் தெரியும்."

"வேண்டாம்பா. அந்த சீட் எனக்கு ஆகாது."

பின்கதவை அவரே திறந்தார். கைப்பிடியை லேசாக மேலே தூக்கி இழுத்தார், திறந்தது. அந்தக் கதவு அப்படித்தான் திறக்கும் என்று கண்டுபிடிக்க டாக்டருக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது. கைராசிக்காரர் என்று நினைத்துக்கொண்டார். முதலாளி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த துண்டு ஒன்றை மடியில் விரித்துக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. டாக்டருக்கு முன்னால் இருந்த சாலை தெரியவில்லை. கண் விளக்குகளின் மேலும் காது இஞ்சினின் மேலும் இருந்தன. பின்னால் கட்டிய கயிறு ஒவ்வொரு பள்ளத்திலும் கிரீச்சென்றது. சின்ன மேடு ஒன்று வந்தது. ஏசி கரகரத்தது. புதுக் கம்ப்ரஸர், எதற்காகக் கரகரக்க வேண்டும்?

"மேடு வருது, ஏசிய நிறுத்திடுங்களேன்" என்றார் முதலாளி. "கண்ணாடிய இறக்கிக் காத்து வாங்குவோம்."

"தாராளமா சார்."

அடுத்த சிக்னலில் பச்சை விழுந்ததும் பதற்றத்தில் அவர் கால் வேகமாக இறங்கப் பார்த்தது.

"மெதுவா, மெதுவா. வண்டின்னா கொஞ்சம் யோசிக்கத்தான் செய்யும். விட்டுப் பிடிக்கணும்."

"சரி சார்."

எவ்வளவு நிதானமான மனிதர், எவ்வளவு பொறுமை என்று டாக்டர் வியந்தார். முதலாளி எதைச் சொன்னாலும் அது சரியாக அவரைக் காப்பாற்றுவதாகவே அமைந்தது. இப்படிப்பட்டவரை ஏமாற்றுகிறோமே என்று நினைத்தபோது மனசு கேட்கவில்லை.

"சார், ஒண்ணு சொல்லணும். இந்த வண்டி..."

"இன்னைக்கு ஒண்ணும் சொல்லாதீங்க. திறப்பு விழா நாளு."

அப்போது பிடித்த மழை சற்று நேரத்தில் கூரையில் தேங்கிவிட்டது. முன்னால் ஒரு சைக்கிள் குறுக்கே வர, டாக்டர் பிரேக்கை அழுத்தினார். டேப் பிய்ந்து, ஒரு குடம் தண்ணீர் காலியாக இருந்த முன்சீட்டில் கொட்டியது. அதே அதிர்ச்சியில் கயிறும் அறுந்தது. டிக்கி மெல்ல, கம்பீரமாக எழும்பியது. பின்னால் வந்த முதலாளியின் டிரைவர் ஹாரன் அடித்தார்.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். தீர்ந்தது கதை.

முதலாளி தண்ணீரைப் பொருட்படுத்தவே இல்லை. முழுக்கத் திரும்பி, திறந்து நின்ற டிக்கியை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"இது புதுசா இருக்கே. தானாத் திறக்குமா?"

"திறக்கும் சார்" என்றார் டாக்டர். "சாமான் எடுத்து வைக்க வசதியா இருக்கட்டும்னு."

"பரவாயில்லையே" என்றார் முதலாளி. துண்டை எட்டிப் போட்டு முன்சீட்டைத் துடைத்தார்.

புதுக் கிளையில் கூட்டம் இருந்தது. மனைவியும் மச்சானும் முன்வரிசையில் இருந்தார்கள். சந்தேகம் கடைசியில் தூணோரமாக நின்றிருந்தார். முதலாளி மைக்கைப் பிடித்தார்.

"குறை கண்டுபிடிக்கிறது ரொம்பச் சுலபம். நம்ம தொழிலுக்கு வேண்டியது அது இல்ல. எல்லாரும் குறை பாக்குற இடத்துல நிறைவ மட்டும் பாக்குற ஒரு மனசு வேணும். அப்படி ஒருத்தர் நம்மகிட்ட இருக்காரு. இந்தக் கிளையோட தலைமைப் பரிசோதகர் நம்ம டாக்டர்."

கைதட்டல் எழுந்தது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மச்சான் எழுந்து நின்றே தட்டினான். டாக்டருக்கு ஒரு வாரமாக நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றது. அவரைப் பொறுத்தவரை செலவழித்த காசெல்லாம் வீண்போகவில்லை. சென்சார், ஆயில், கம்ப்ரஸர், கயிறு, எல்லாம் சேர்ந்து முதலாளியின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டன. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கே மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, சந்தேகத்தைக் கூப்பிட்டுப் பெரிதாக விருந்து வைப்பது என்று தீர்மானித்தார். நல்ல காது உள்ள மனிதன்தான் நான், ஒரே ஒரு தடவை சறுக்கியது, அதையும் சமாளித்துவிட்டேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். முதலாளியின் டிரைவர் அந்தச் சாம்பல் வண்டியின் டிக்கியை இரண்டு கையாலும் அமுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

"முதலாளிக்கு நம்ம வண்டி ரொம்பப் பிடிச்சுப்போச்சு போல" என்றார் டாக்டர், பெருமை தாங்காமல். "வழி முழுக்க ஒரு குறை சொல்லல."

டிரைவர் நிமிர்ந்து, துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அவருக்குத் தெரியாததா சார், முதலாளியம்மா இத்தனை வருஷம் ஓட்டி அழுத வண்டிதானே இது. உங்க நாலு பேர்கிட்டயும் ஒவ்வொருத்தராத்தான் காட்டச் சொன்னாரு. மூணு பேரு தொடவே மாட்டேன்னுட்டாங்க, நீங்க ஒருத்தர் நல்லா இருக்குன்னு சொன்னீங்க பாருங்க, அன்னைக்கே புதுக் கிளைக்கு ஆளு கிடைச்சாச்சுன்னுட்டாரு."